மேசையில் வைத்த பால்

உயர்நிலைப் பள்ளியில் படித்த நான்கு வருடமும் குளிர்கால வெயிலை நான் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். விடியும் முன்பே அம்மா காரில் கொண்டுவந்து இறக்கிவிடுவாள். இரவுப் படிப்பு முடிந்து வெளியே வரும்போது பார்க்கிங் லாட்டில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும். நடுவில் காலைப் பிரார்த்தனை, மதியம்வரை சமயச் சட்டம், சாப்பாடு, அதன்பிறகு கணக்கும் அறிவியலும், மறுபடி பிரார்த்தனை, மறுபடி சட்டம். யூதப் பையன்களுக்கான பள்ளி அது. நியூ ஜெர்சியில் ரயில் பாதையை ஒட்டி, ஒரு காலத்தில் டைல்ஸ் கிடங்காக இருந்த கட்டடம். உள்ளே நுழைந்ததும் போனை வாங்கி, கதவில் தொங்கும் துணிப்பையின் அறைகளில் ஒவ்வொன்றாகச் செருகிவிடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே மன்ஹாட்டன் போகும் ரயில் போகும். அதில் நின்றுகொண்டு போகிறவர்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவர்களும் வேலைக்குத்தான் போகிறார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஈரோட்டுப் பையன் அங்கே எப்படிப் போனான் என்று கேட்பார்கள். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு எடிசனுக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதற்கு முன்பே அவளுக்கும் என்னைப் பெற்றவருக்கும் விவாகரத்து ஆகியிருந்தது. இங்கே அவளோடு வேலை பார்த்த ஒருவர் அவளை விரும்பினார். அவர் பக்தியுள்ள யூதர். அம்மா ஒன்றரை வருடம் வகுப்புக்குப் போய், படித்து, சடங்குக் குளத்தில் முங்கியெழுந்து மதம் மாறினாள். அவளோடு நானும் மாறினேன். பிறகு கல்யாணம் நடந்தது. அவரை என்னவென்று கூப்பிடுவது என்ற சிக்கலே எனக்கு வரவில்லை. அவர்களுடைய எபிரேய மொழியிலும் அப்பாவுக்கு அப்பா என்றுதான் பெயர்.

குழந்தையாக இருக்கும்போது மாற்றப்பட்டவனுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு உரிமை உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எங்கள் பகுதி ரபி, அதாவது எங்கள் மத குரு, என்னை எதிரே உட்காரவைத்து இதைப் பொறுமையாக விளக்கினார். அம்மா சுவரோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஆமாம், இருக்கிறேன் என்று சொன்னேன். எல்லாரும் கைகுலுக்கினார்கள். கேக் வெட்டினார்கள். அடுத்த வருடம் டைல்ஸ் கிடங்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அங்கே யாரும் தனியாகப் படிக்க முடியாது. தல்மூத் என்ற அந்தப் பெரிய சட்டநூலை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சத்தம் போட்டு வாதாடித்தான் படிக்க வேண்டும். யாருக்கு யார் ஜோடி என்பதை எங்கள் வகுப்பு ரபி முடிவு செய்வார். வருடம் முடியும்வரை மாற்றமாட்டார். ஐம்பது ஜோடிகள் ஒரே மண்டபத்தில் ஒரே நேரத்தில் வாதாடினால் எப்படி இருக்கும் என்று ஈரோட்டு மஞ்சள் ஏலத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பில் எனக்கு வாய்த்த ஜோடி ஒரு ஒல்லி நெட்டையன். உட்கார்ந்தால் காலாட்டுவான். மேசை ஆடும், மேசையோடு புத்தகம் ஆடும், எழுத்து ஆடும். சட்டைப்பையில் எப்போதும் சூரியகாந்தி விதை இருக்கும். அவன் அப்பா வேறொரு ஊரில் இதேபோன்ற பள்ளிக்குத் தலைவர். அப்பாவின் அப்பாவும் அப்படித்தான். நான்கு அண்ணன்மார்களும் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அவனுக்கோ ஒரு பக்கம் முடிவதற்குள் மூன்று முறை தண்ணீர் குடிக்கப் போக வேண்டும். என் உச்சரிப்பை ஒவ்வொரு சொல்லுக்கும் திருத்துவான். முதல் இரண்டு மாதம் அவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ரபியிடம் போய் ஜோடியை மாற்றச் சொன்னேன். அவனும் அதற்கு முந்தைய நாள் போய் அதையே கேட்டிருக்கிறான். நீங்கள் இருவரும் ஒரே கருத்தில் இருக்கிறீர்கள், இது நல்ல ஆரம்பம் என்று ரபி சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த ரபி உயரமில்லாதவர், தாடி மட்டும் நீளம். சிரித்துப் பார்த்ததில்லை. பையன்கள் ஒளித்து வைத்துப் படிக்கும் ஆங்கிலக் கதைப்புத்தகம், கார் பத்திரிகை, கூடைப்பந்து வீரர்களின் அட்டை எல்லாவற்றையும் எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அவர் மேசை இழுப்பறை மூடாத அளவுக்கு அவை சேர்ந்திருந்தன.

அப்போதுதான் எனக்குத் தமிழ் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய அம்மாவின் மாத நாவல்கள் இருந்தன. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் ஈரோடு பேருந்து நிலையத்தில் வாங்கி, விமானத்தில் படித்துக்கொண்டு வந்தவை. மதம் மாறியபின் அவற்றைப் படிக்கக் கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஹாலில் எபிரேய நூல்கள் வந்து உட்கார்ந்ததும் இவை கீழே இறங்கிவிட்டன. நான் ஒன்றை எடுத்து, ஈரச்சேலைப் பெண்ணும் கத்தியும் இருந்த அட்டையை மட்டும் கிழித்துப் பெட்டியிலேயே போட்டுவிட்டு, உள்ளிருந்ததைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். நாலாம் வகுப்போடு நின்றிருக்க வேண்டிய என் தமிழ் அந்த நாவல்களால்தான் பிழைத்தது.

தல்மூத் ஒவ்வொன்றும் அம்மிக்கல் போல் இருக்கும். அதற்குள் ஒரு மாத நாவல் படுத்துக்கொண்டால் வெளியே தெரியாது. முதல் வாரம் நிம்மதியாகப் போயிற்று. இரண்டாவது வாரம் நான் எழுந்தபோது நாவல் நழுவித் தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் ரபியின் காலணி இருந்தது. அவர் குனிந்து எடுத்தார். புரட்டினார். என்ன எழுத்து என்று கேட்டார். தமிழ் என்றேன். பழையதா என்றார். மொழி ரொம்பப் பழையது என்றேன். சமய நூல் கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவது அவர்கள் வழக்கம். ரபி என் மாத நாவலை முத்தமிட்டு, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். என் ஜோடி சூரியகாந்தி விதை புரையேறி மேசையில் கவிழ்ந்து கிடந்தான்.

இருமல் நின்றதும் அது என்ன புத்தகம் என்று கேட்டான். கொலைக்கதை என்றேன். உடனே ஒரு நிபந்தனை போட்டான். அவனுக்கும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவன் வாய் சும்மா இருக்காது.

கதை சொல்வதில் ஒரு தொல்லை இருந்தது. தல்மூத் படிப்பதற்கென்று ஒரு ராகம் உண்டு. கேள்வி வந்தால் மேலே ஏறும், பதில் வந்தால் கீழே இறங்கும், கட்டைவிரல் காற்றைத் தோண்டும், உடம்பு முன்னும் பின்னும் ஆடும். சாதாரணக் குரலில் பேசினால் மண்டபத்தில் உடனே தெரிந்துவிடும். ஆகவே பொள்ளாச்சித் தென்னந்தோப்பு முதலாளி பால் குடித்துச் செத்த கதையை நான் அந்த ராகத்திலேயே, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் அதே ராகத்தில் கேள்வி கேட்டான். கல்யாணமான தம்பி ஏன் அண்ணன் வீட்டில் இருக்கிறான்? கூட்டுக்குடும்பம் என்றேன். தூங்கப்போகும் நேரத்தில் ஒருவன் ஏன் பால் குடிக்க வேண்டும்? அது அப்படித்தான் என்றேன். அது பதில் இல்லை என்றான். அவன் சொன்னது சரிதான். அவனோடு உட்கார்ந்ததில் முதல் தடவையாக நேரம் போனதே தெரியவில்லை.

கதை இதுதான். பால் தம்ளரைக் கொண்டுவந்தது தம்பி. அண்ணன் குடித்தார், விழுந்தார். அண்ணிக்குத் தம்பிமேல் சந்தேகம், தம்பிக்கு அண்ணிமேல். ஒருநாள் என் ஜோடி கண்ணை மூடி ஆடிக்கொண்டே, நான் வெறுமனே வைத்துவிட்டுப் போனேன் என்று தம்பி சொல்கிறான், அப்படியானால் குற்றம் யார்மேல் என்று உச்சஸ்தாயியில் இழுத்தபோது, அவனுக்குப் பின்னால் ரபி நின்றிருந்தார்.

"கையில குடுத்தானா, இல்ல மேசை மேல வச்சிட்டுப் போனானா?" என்று கேட்டார்.

என் ஜோடி கண் திறக்கவில்லை. பயத்தில் திறக்க முடியவில்லை என்று பிறகு சொன்னான். மேசைமேல் என்றேன் நான்.

"யாரோட மேசை?"

அண்ணனுடையது என்றேன். ரபி தாடியைப் பிடித்துக்கொண்டு சட்டத்தை அலசினார். ஒருவன் அடுத்தவனுடைய மாட்டுக்கு முன்னால் விஷத்தை வைத்தால், மாடு தானே தின்றதால் மனித நீதிமன்றத்தில் அவன் தப்பிவிடுகிறான், கடவுளுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் மனிதன் விஷயத்திலும் அப்படியா, அதுவும் தெரியாமல் குடித்தவன் என்றால்? இது எங்கே நடந்தது என்று கேட்டார். இந்தியாவில் என்றான் என் ஜோடி. அதில் பொய் ஒன்றும் இல்லை.

மறுநாள் ரபி மூன்று கனமான நூல்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தார். அன்றிலிருந்து எங்களுக்குப் பிடி இறுகியது. முன்பு பத்து பதினைந்து நிமிடம் கதை, மீதி நேரம் கனவு என்று போய்க்கொண்டிருந்தவர்கள், இப்போது விஷம் வைத்தவன், குழி வெட்டியவன், முட்டுகிற எருதை அவிழ்த்துவிட்டவன் எல்லாரையும் பற்றி உண்மையாகவே படிக்க வேண்டியதாயிற்று. ரபி தினமும் வந்து அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்பார். தம்பியின் வேட்டியில் ஒரு சீசா கிடைத்தது என்று சொன்னால், வேட்டி அவனுடையதுதானா, அதற்கு எத்தனை சாட்சி என்பார். கொலைக்கதை எழுதியவர் சாட்சிகளைப் பற்றிக் கவலைப்படாதவர். நாங்கள்தான் சாட்சிகளை உண்டாக்கினோம்.

கடைசியில் வியாழக்கிழமை வகுப்பு முழுவதற்கும் இந்த வழக்கை நான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்கு முந்தின இரவுதான் நான் அடுத்த அத்தியாயத்தைப் படித்தேன். அதில் அண்ணி ஊட்டியில் ஒரு லாட்ஜுக்குப் போகிறாள், தனியாகப் போகவில்லை. ரபி முன்னால் இதை எப்படிச் சொல்வது? லாட்ஜைக் கல்யாண மண்டபமாக்கி, நடந்ததை நிச்சயதார்த்தமாக்கினேன். புருஷன் செத்த மாதத்திலேயே நிச்சயதார்த்தமா, சட்டப்படி மூன்று மாதம் காத்திருக்க வேண்டாமா என்று முதல் வரிசையில் ஒருவன் எழுந்தான். அதற்கு ஒருவன் பதில் சொன்னான். அந்தப் பதிலை மறுக்க இரண்டு பேர் எழுந்தார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் நகரவில்லை. நான் பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நின்றேன். பசியில் தலை சுற்றியது. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் நானும் என் ஜோடியும் பின்பக்கப் படியில் உட்கார்ந்திருந்தோம். வேலிக்கு அப்பால் ரயில் போயிற்று. இன்னும் எத்தனை வருடம் இந்தக் கட்டடத்தில் என்று நான் அலுத்துக்கொண்டேன். பதின்மூன்று வயதில் என்னைக் கேட்டதையும் நான் ஆமாம் என்றதையும் அவனிடம் முதல்முறையாகச் சொன்னேன். அதற்கு அவன் சிரிப்பான் என்று நினைத்தேன்.

"உன்ன ஒரு தடவையாவது கேட்டாங்க. என்னைய யாரும் கேட்டதே இல்ல" என்றான்.

அப்படி ஒருவர் கேட்பார் என்றே அவனுக்கு அதுவரை தெரியாது. கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் கொஞ்சம் யோசிக்க விடுங்கள் என்பேன் என்றான். விதையைக் கடித்துத் தோலைத் துப்பினான். உள்ளே கூப்பிட்டார்கள், போனோம்.

பெற்றோர் சந்திப்பு மாலை வந்தது. அப்பாவுக்கு அலுவலகத்தில் ஏதோ வேலை முடியவில்லை, அம்மா மட்டும் வந்தாள். கல்யாணமான யூதப் பெண்களின் வழக்கப்படி தலையில் கத்தரிப்பூ நிறத் துணி கட்டியிருந்தாள். என்னையும் என் ஜோடியையும் காபி ஊற்றும் மேசைக்குப் போட்டிருந்தார்கள். அங்கிருந்து ரபி பேசுவது நன்றாகக் கேட்கும். என் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவார் என்று பார்த்தால், பெண்களின் முகத்தைப் பார்த்துப் பேசும் வழக்கமில்லாத அவர் மேசையைப் பார்த்தபடி, உங்கள் ஊரிலிருந்து உங்கள் மகன் ஒரு வழக்கைக் கொண்டுவந்தான், வகுப்பே ஒரு மாதமாக அதில் உட்கார்ந்திருக்கிறது என்று ஆரம்பித்துத் தென்னந்தோப்பு, பால், தம்பி, அண்ணி, நிச்சயதார்த்தம் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த காபிக் கோப்பை நிரம்பி வழிந்து விரலைச் சுட்டது.

இதில் தீர்ப்பு என்ன ஆயிற்று என்று தெரியுமா என ரபி கேட்டார்.

அம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். "அது கோர்ட்டுக்கே போகல ரபி. விஷத்த வச்சது செத்துப்போனவனேதான். பொண்டாட்டி தம்ளர்ல வச்சான். தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேருக்கும் அவன் தூக்கிட்டு வரும்போது தம்ளர் மாறிப்போச்சு."

ரபி நிமிர்ந்தார். என் ஜோடி என் காதோரம் குனிந்து, இன்னும் நாலு அத்தியாயம் பாக்கி இருந்ததே, உங்கம்மா இப்படிப் பண்ணிவிட்டார்களே என்றான். அவன் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

காரில் ஏறி ஹைவேயில் சேர்ந்தோம். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன்.

"அந்த லாட்ஜ் சீன் என்ன பண்ணின?" என்றாள்.

"அதத்தான் நிச்சயதார்த்தம்னு மாத்திட்டேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வந்து, ரோடு தெரியவில்லை என்று ஓரத்து லேனுக்கு மாறினாள். சிரிப்பு அடங்கியபின் வண்டி மெதுவாகவே போயிற்று.

"எனக்கும் சில நாள் மூச்சு முட்டும் கண்ணு. சனிக்கிழமை மத்தியானம் பேஸ்மென்ட்ல போய் அந்தப் பொட்டி பக்கத்துல உக்காந்துட்டு வருவேன். பிடிக்கலன்னு இல்ல. பிடிச்சுதான் வந்தேன். ஆனா முட்டும்."

வீட்டில் பாலுக்கும் இறைச்சிக்கும் தனித்தனியாக இரண்டு சிங்க், இரண்டு செட் பாத்திரம், ஓய்வுநாளான சனிக்கிழமை தொடாத விளக்கு எல்லாவற்றையும் பிசகாமல் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். அவளுக்கு மூச்சு முட்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"உன்னக் கேட்டப்ப நீ என் மூஞ்சியப் பாத்துட்டுதான் ஆமான்ன. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்" என்றாள். பிறகு, "இப்பக் கேட்டா என்ன சொல்லுவ?" என்றாள்.

"தெரியலம்மா."

"சரி. தெரியறப்ப சொல்லு. நான் அப்பாகிட்ட பேசிக்கறேன்."

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம். அதற்குப்பின் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை இருட்டில் கிளம்பும்போது என்னை யாரோ கொண்டுபோய் அடைப்பதாகத் தோன்றவில்லை. மதியத்துக்குள் பழையபடி தோன்ற ஆரம்பித்துவிட்டது என்பது வேறு விஷயம்.

அன்று வகுப்பில் ரபி அந்த முடிவை அறிவித்தார். விஷம் வைத்தவனே குடித்துவிட்டான் என்றால் இந்த வழக்கில் வாதி யார் என்று கேட்டார். வாதியே இல்லாத வழக்கை ஒரு மாதம் நடத்தியிருக்கிறோம் என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். மனிதர் உண்மையிலேயே சோர்ந்துபோயிருந்தார். என் பக்கம் திரும்பி, அடுத்த முறை வாதி இருக்கிற வழக்காகப் பார்த்துக் கொண்டுவா என்றார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு மாடு முட்டும் பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.

அந்த வருடத்தோடு என் ஜோடி போய்விட்டான். இன்னும் கட்டுப்பாடான ஒரு பள்ளிக்கு, விடுதியோடு சேர்ந்த இடத்துக்கு, அவன் அப்பா மாற்றிவிட்டார். போகிற அன்று மண்டபத்தில் தன் நாற்காலியைத் தலைகீழாக மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கை ஆட்டிவிட்டு நடந்தான். எனக்குப் பதினொன்றாம் வகுப்பில் வாய்த்த ஜோடி ரொம்ப நல்லவன். காலாட்டமாட்டான், தண்ணீர் குடிக்கப் போகமாட்டான், குனிந்த தலை நிமிராது. அவனோடு உட்கார்ந்த மணிகள் நகரவே இல்லை. நான் அதிக மதிப்பெண் வாங்கியது அந்த வருடம்தான்.

பள்ளி முடிந்து, வெளியே சாதாரணக் கல்லூரியில் சேர்ந்தேன். சனிக்கிழமை ஓய்வைச் சில வாரம் விட்டேன், பல வாரம் விடவில்லை. என்னை அம்மாவும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

என் ஜோடிக்கு இருபத்தொரு வயதில் கல்யாணம். சடங்குக்கு முன்னால் மாப்பிள்ளையை ஒரு நீள மேசையின் தலைமாட்டில் உட்காரவைத்து, அவன் சமய நூலிலிருந்து ஒரு பிரசங்கம் செய்ய வேண்டும். சுற்றிலும் அவன் அப்பா, அண்ணன்கள், மாமனார், வெள்ளைத்தாடிப் பெரியவர்கள். அவன் அன்று முழுவதும் விரதம். உதடு வெளுத்து, எழுதிவந்த காகிதத்தைக் கையில் பிடித்திருந்தான். மேசைக்குக் கீழே கால் ஆடுவது தட்டுகளில் தெரிந்தது. அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. மாப்பிள்ளை பேச ஆரம்பித்ததும் நண்பர்கள் குறுக்கே பாட்டுப் பாடிப் பிரசங்கத்தை முடிக்கவிடாமல் செய்துவிடலாம். சரியாகப் பேச வராதவன் பெரியவர்கள் முன்னால் அவமானப்படக் கூடாது என்பதற்காக யாரோ இரக்கமுள்ளவர்கள் ஏற்படுத்தியது. கொஞ்சநேரமாவது பேசட்டும் என்று மரியாதைக்கு எல்லாரும் காத்திருப்பார்கள்.

அவன் இரண்டாவது வாக்கியத்தில் ஒரு சொல்லில் நின்றான். அவன் அப்பா அந்தச் சொல்லை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். நான் அதற்குமேல் காத்திருக்கவில்லை. மேசையைத் தட்டிக்கொண்டு, எனக்கு வந்த சுருதியில் பாட்டை எடுத்துவிட்டேன். ஒரு கணம் நான் மட்டும் தனியாகப் பாடினேன். பிறகு எங்கள் பழைய வகுப்பு முழுக்கச் சேர்ந்துகொண்டது. அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எல்லாரோடும் சேர்ந்து பாடினான்.